ரம்பம் தின்ற மூன்று நூல்

மகளுக்குக் கட்டில் செய்ய, வாலாஜாபாத் சாலையில் ஒரு மரக்கடைக்குப் போயிருந்தேன். பலகைக் கட்டைச் சுற்றியிருந்த நீல பிளாஸ்டிக் நாடாவைக் கடைக்காரர் அறுத்தார். உடனே நசுக்கிய மூட்டைப்பூச்சியின் நாற்றம் என் மூக்கில் ஏறியது. அங்கே பூச்சி எதுவும் இல்லை. உன் கட்டிலின் நாற்றம் அது, மாப்ளே. நீ செத்து இரண்டு வருஷமாகியும் அது என்னை விட்டுப் போகவில்லை.

ஒரகடத்தில் நாம் இருந்த அறையை நினைத்தாலே உடம்பு அரிக்கிறது. ஒருவன் ஷிப்டுக்கு எழுந்தால் இன்னொருவன் படுக்கும் வியர்வைப் பாய். சுவரெல்லாம் பூச்சியை நசுக்கிய ரத்தக் கோடு. நமக்கு இரண்டு கட்டில் நாமே அடித்துக்கொள்ளலாம் என்று நீதான் சொன்னாய். கணக்கு நான் போட்டேன். ஒரு கட்டிலுக்குக் குறுக்கே மூன்றடிப் பட்டை பதினாறு. பன்னிரண்டடிப் பலகையில் நாலு பட்டை. ஆக, இரண்டு கட்டிலுக்கு எட்டுப் பலகை. ஒரு அங்குலம்கூட மிச்சமில்லை.

"ரெண்டு மூணு கூட எடுப்பம்லே" என்றாய்.

"கணக்குத் தெரியாதவன்தாம்ல மிச்சம் வாங்குவான்" என்றேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பம் ஒரு நூல் மரத்தைத் தூளாக்கிவிடும். எட்டு நூல் ஒரு அங்குலம். பலகைக்கு மூன்று அறுப்பு, மூன்று நூல் போச்சு. ஒவ்வொரு பலகையிலும் கடைசிப் பட்டை குட்டையாகி, சட்டத்தில் உட்காராமல் விழுந்தது. மொத்தம் எட்டு. நியாயப்படி ஆளுக்கு நாலு. நீ ஷிப்டுக்குப் போயிருந்தாய். குட்டைகளில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கினேன். எட்டையும் உன் கட்டிலில் வைத்து, பேக்கிங் நாடாவால் இழுத்துக் கட்டினேன். என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

நீ வந்து பார்த்தாய். மரம் குறைந்துவிட்டது என்றேன்.

"விடுலே. ரம்பத்துக்கும் வாய் இருக்குல்லா, அது தின்னுட்டு."

நாடாவின் மடிப்பெல்லாம் பூச்சி குடியேறியது. தொய்ந்த கட்டிலில் நீ முதுகைச் சொறிந்துகொண்டு கிடப்பாய். நான் நன்றாகத் தூங்கினேன். மூன்று பலகை வாங்கி மாற்றியிருக்கலாம். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றே ஓட்டினேன். ஞாயிறுதோறும் கட்டில்களைக் கவிழ்த்து வெயிலில் போடுவோம்; நீ வெந்நீர் ஊற்றுவாய். ஏன் இப்படித் தொய்கிறது என்று யார் கேட்டாலும் ரம்பத்தைத்தான் சொல்வாய். மூன்று வருஷம் அப்படிப் போனது. பிறகு உனக்குக் காமாலை வந்தது. உன் அண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து நீ திரும்பவில்லை.

"எத்தினி பலகை சார் ஓணும்?" என்றார் கடைக்காரர்.

"சின்னக் கட்டில், பன்னெண்டு பட்டைதான். கணக்குக்கு மூணு. நாலு குடுங்க."

"மிஞ்சிப்பூடுமே சார்."

"மிஞ்சட்டும்."

வீட்டில் அறுத்தேன். பலகைக்கு ஒன்றாக நாலு குட்டை விழுந்தது. பழக்கத்தில் அவற்றின் அடிப்பக்கத்தில் பெருக்கல் போட்டேன். நாலாவதில் கை நின்றுவிட்டது.

அன்றும் குறிகள் அடிப்பக்கத்தில்தான் இருந்தன. ஞாயிறுதோறும் நாம் இரண்டு கட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில்தானே கவிழ்த்துப் போட்டோம். உன்னுடையதில் எட்டு. என்னுடையதில் ஒன்றுகூட இல்லை. மூன்று வருஷமும் நீ அதைப் பார்த்திருக்கிறாய்.

மகள் வந்து குட்டைப் பட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுல மட்டும் ஏன்பா பெருக்கல் போட்ட? இது யாருக்கு?"

"அப்பாவுக்கு" என்றேன்.