இரண்டு தட்டு என்றால் வரலாம்

மாப்ள,

இன்று காலை தபாலில் என் ஹெவி லைசென்ஸ் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியதும் உனக்குச் சொல்லத்தான் போனை எடுத்தேன். நீ போய் ஏழு மாதமாகிறது. இன்னும் எனக்கு அது பழகவில்லை.

குட்டியானை வண்டியில் ஆத்தூர்த் தோட்டங்களிலிருந்து வத்தலக்குண்டு சந்தைக்குக் காய் ஏற்றிய காலமெல்லாம் நமக்கு ஒரே பேச்சுதான். ஹெவி எடுக்க வேண்டும், பெரிய லாரியில் சேர்ந்து நாக்பூர் வரை போக வேண்டும். தோட்டத்துச் சந்தில் ஒருவன் ரிவர்ஸ் எடுப்பான், மற்றவன் இறங்கிப் பின்பலகையைத் தட்டுவான். இரண்டு தட்டு என்றால் வரலாம், ஒரு தட்டு என்றால் நில். கண்ணாடியை எவன் பார்த்தான்?

அந்தப் பழக்கமே என்னைக் கவிழ்த்தது. திண்டுக்கல் டெஸ்ட்டில் நீ முதலில் ஓட்டிப் பாஸாகிவிட்டாய். அடுத்து நான். ரிவர்ஸில் பாதி தூரம் வந்து நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த பிரேக் இன்ஸ்பெக்டர், "என்னப்பா நின்னுட்ட?" என்றார். "தட்டுற சத்தம் கேக்கல சார்" என்றேன். ஃபெயில். வெளியே நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஏலே, நான் அம்புட்டு தூரத்துல வேலிக்கு வெளிய நிக்கிறேன். கை எட்டுமாடா எனக்கு?"

அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்துவிட்டது. மறு டெஸ்ட்டுக்கும் போகாமல் வீம்பு பிடித்தேன். நாக்பூர் லோடு வந்தபோது நீ, "செத்த பொறு மாப்ள, நீயும் பாஸாகு, சேந்தே போவோம்" என்றாய். நான்தான், "எனக்காக ஒண்ணும் நீ காத்துக் கெடக்க வேணாம், போ" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். நீயும் போய்விட்டாய்.

மூன்றாவது லோடில், பட்டப்பகலில், வழியில் உனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. அந்த வலியிலும் வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாயாம். பக்கத்து சீட்டில் ஒருவன் இருந்திருந்தால் ஸ்டியரிங்கை வாங்கி உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பான். அது நான் இருக்க வேண்டிய சீட். அந்நேரம் நான் சந்தையில் முருங்கைக்காய் இறக்கிக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகுதான் மறு டெஸ்ட்டுக்குப் போனேன். இந்த முறை கண்ணாடி பார்த்து ரிவர்ஸ் எடுத்தேன். எடுக்கும் முன் கை தானாக வெளியே போய்க் கதவை இரண்டு முறை தட்டியது. இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ம், எடுப்பா" என்றார்.

நாளை எனக்கு முதல் நாக்பூர் லோடு. நீ வண்டியை நிறுத்திய இடத்தை லாரி ஓனரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அங்கே ஓரங்கட்டி இறங்கி, பின்பலகையை இரண்டு முறை தட்டுவேன். நீ வரமாட்டாய், தெரியும். போ என்று சொன்னவன், வா என்று கூப்பிட வேறு வழி தெரியவில்லை மாப்ள.