உங்கள் கையில் இருந்த தோடு

அக்கா,

இன்றைக்கு ஹட்டனில் ஒரு டோர்ச் வாங்கினேன். விரல் நீளம்தான் இருக்கும். கைக்குள் வைத்து மூடினால் தெரியாது. வாங்கி வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நகைக்கடையில் படம் எடுப்பது என் வேலை. "கொழுந்துக் கூடையத் தூக்கிப் போட்டுட்டுப் போனத் தூக்கிக்கிட்டா" என்று தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரித்தவர் நீங்கள்தானே. போன வாரம் கொழும்பிலிருந்து ஒரு அம்மா, படத்தில் பார்த்த சங்கிலி வேறு, கைக்கு வந்த சங்கிலி வேறு என்று சண்டை பிடித்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "டோர்ச்ச மாத்துங்க. நம்ம பவுன நாமளே கவரிங்காக் காட்டுறோம்" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த டோர்ச்சை நான்தான் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தேன்.

இந்த முறை அவசரப்படவில்லை. டோர்ச் கடை மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, என் மோதிரத்தைக் கழற்றி வைத்து, மூன்று டோர்ச்சை ஒவ்வொன்றாக அடித்துப் போனில் எடுத்தேன். முதலாவது மஞ்சள், அந்த வெளிச்சத்தில் பித்தளையும் பவுனாகிவிடும். இரண்டாவது என் பழைய டோர்ச் போலவே நீலம் பாய்ந்த வெள்ளை, மோதிரம் வெளிறிப்போனது. மூன்றாவதன் பெட்டியில் 'நியூட்ரல் வைட்' என்று போட்டிருந்தது, இரண்டுக்கும் நடுவான வெள்ளை. கிட்டக் கொண்டுபோனால் நடுவில் கண் கூசும் பொட்டு ஒன்று விழுந்தது. முகப்பில் டிஷு பேப்பரைச் சுற்றியதும் அதுவும் பரவிவிட்டது. மோதிரம் என் விரலில் எப்படி இருக்குமோ அப்படியே படத்திலும் இருந்தது. அப்போதுதான் உங்கள் தோடு ஞாபகத்துக்கு வந்தது.

உங்கள் மகள் கலா பெரியவளான சடங்குக்கு உங்கள் தம்பி தாய்மாமன் சீராகப் போட்ட சிவப்புக் கல் தோடு. அவள் குவைத்துக்கு வேலைக்குப் போனபோது உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கல்யாணம் பேசி முடிந்ததும், தோட்டுக்குத் தோதாக அங்கேயே சங்கிலி எடுக்கிறேன், படம் அனுப்புங்கள் என்று கேட்டாள். நீங்கள் தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் நேரே பக்கத்து வீட்டுக்கு, என் காம்பராவுக்கு வந்தீர்கள். உள்ளங்கையில் தோட்டை வைத்து நீட்டி, "நல்லா எடு புள்ள. மாமன் போட்டது. பார்த்ததும் அவளுக்குக் கண்ணு கலங்கணும்" என்றீர்கள்.

நான் டோர்ச்சை அடித்தேன்.

"என்னடி இது, எங் கையே எனக்கு ஆகல. பொணத்துக் கையாட்டம் இருக்கு."

"இப்ப எல்லாரும் இந்த லைட்டுலதாங்க்கா எடுக்குறாங்க" என்று பெரிய கெட்டிக்காரியாட்டம் சொன்னேன்.

அந்த டோர்ச்சை நான் வாங்கிய அன்று ஹட்டன் முழுக்க மூடுபனி. கடை வாசலில் நின்று அடித்துப் பார்த்தேன். வெளியே இருந்த வெளிச்சமும் டோர்ச் வெளிச்சமும் ஒரே நிறமாக இருந்தன. அதனால் இதுதான் பகல் வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டேன். பனிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவளுக்குப் பகல் என்றால் அதுதானே? பனியில் பவுன் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும், நம் கண் அதைத் தானாகவே சரி செய்துகொள்ளும். வெயிலில் உட்கார்ந்து பார்க்கிற கலாவுக்கு அது எப்படி முடியும்?

மறுநாளே, படத்தைப் பார்த்துவிட்டுக் குவைத்திலிருந்து போன் எடுத்தாள். "மாமா போட்ட தோட்ட என்னம்மா பண்ணீங்க? இது கவரிங். இங்க கடையிலயும் காட்டிட்டேன்." பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேசாமல் போனை வைத்துவிட்டு, "பெத்தவளத் திருடியாக்கிட்டா" என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு அவள் எடுத்தால் நீங்கள் பேசவில்லை. கொஞ்ச நாளில் அவளும் எடுப்பதை விட்டுவிட்டாள். குவைத்துக்குப் போனதும் குணம் மாறிவிட்டது என்று நானும் அவளைத்தான் திட்டினேன். என் டோர்ச்சைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. படுபாவி நான்.

தோட்டை என்னிடம் கொடுத்து, "அவ வந்தா ஒரசிப் பார்த்துக்கச் சொல்லு" என்றீர்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை. காலையில் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்தெடுக்கப் போன நீங்கள் மலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கவில்லை. கலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சாவு வீட்டை நான்தான் போனில் காட்டினேன். "ஒரு தடவ பேசச் சொல்லுங்க சித்தி" என்று அவள் கதறியது இன்னும் காதில் இருக்கிறது.

இன்று வீட்டுக்கு வந்ததும் தோட்டை எடுத்துத் தாளில் வைத்துப் புது டோர்ச்சை அடித்தேன். பவுன் பவுனாகவே இருந்தது. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கலா சொன்னதில் தப்பே இல்லை, அது கவரிங்தான். பேசாமல் பழைய படத்தை அழித்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. உங்களிடம் மறைப்பானேன்.

இரண்டையும் அவளுக்கு அனுப்பினேன். "தோடு மாறல கலா. சித்தி அடிச்ச லைட்டுதான் தப்பு. அம்மா மேல ஒரு பிழையும் இல்ல. திட்டுறதுன்னா என்னத் திட்டு" என்று குரலிலும் சொல்லி அனுப்பினேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அழுகையோடு பதில் குரலிலேயே வந்தது. "அன்னைக்குத் தோட்ட மட்டுந்தான் பார்த்தேன் சித்தி. அம்மா கையப் பார்க்கவே இல்ல. அந்தக் கைய மட்டும் நல்ல நிறமாக்கித் தாங்களேன்."

போனில் அந்தப் படத்தின் நிறத்தை என்னவெல்லாமோ மாற்றிப் பார்த்தேன். மஞ்சளைக் கூட்டினால் தோடு சரியாகிறது, கை யாருடையதோ ஆகிவிடுகிறது. ரேகைகளில் இருந்த கொழுந்துக் கறை அழிந்துபோகிறது. குறைத்தால் மறுபடியும் நீங்கள் சொன்ன அந்தப் பொணத்துக் கை.

டோர்ச் மேசையில் கிடக்கிறது. தோட்டை நாளைக்கும் எடுக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம். உங்கள் கைக்கு அந்த ஒரு படம்தான் இருக்கிறது, அக்கா. அதை எடுத்தவள் நான்.