இரண்டாம் நடைமேடைப் பலகை உண்மை சொல்ல வேண்டி

அனுப்புநர்:
மர ஆலையில் ரம்பம் ஓட்டி ஓய்வு பெற்றவன்,
ரொட்டிக்கடை மாடி,
ரயில் நிலைய மேற்கு வாசல் எதிரில்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
புறநகர் ரயில் கோட்ட அலுவலகம்.

பொருள்: எங்கள் நிலையத்தின் இரண்டாம் நடைமேடை அறிவிப்புப் பலகை தவறாகக் காட்டுவது, அதனால் என் மனைவியின் கண் சிகிச்சை தவறிப்போனது, பலகையைச் சரிசெய்யக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நானே என் கையால் எழுதுகிறேன். எழுத்து பெரிதாக இருக்கும், சில இடங்களில் கோட்டைத் தாண்டும். பொறுத்தருள வேண்டும்.

1. எங்கள் நிலையம் முதலில் மர ஆலைக்காக வந்தது. அப்போது ஒரே ஒரு நடைமேடைதான். நாங்கள் அறுத்த பலகைகள் இங்கிருந்துதான் வண்டி ஏறின. பிறகு வீடுகள் பெருகின. இரண்டாம் நடைமேடையும் மேம்பாலமும் வந்தன. ஆலை மூடப்பட்டது. இப்போது மரத்துக்குப் பதில் மனிதர்கள் ஏறுகிறார்கள். காலையில் அவர்கள் நிற்கும் நெருக்கத்தைப் பார்த்தால் மரத்தை இன்னும் கொஞ்சம் மரியாதையாக அடுக்கினோம் என்று தோன்றும்.

2. எனக்குப் படிப்பு கிடையாது. என் மனைவி அச்சகத்தில் பிழை பார்த்தவள். கடிதம், மருந்துச் சீட்டு, பேருந்து எண் எல்லாவற்றையும் எனக்கு வாசித்துச் சொன்னவள் அவள்தான். அவளுக்கு ஒரு கண் முன்பே போய்விட்டது. மற்றதும் மங்கத் தொடங்கியபோது என்னை இந்த நிலையத்துக்குக் கூட்டிவந்து, முதல் நடைமேடைப் பெஞ்சில் உட்காரவைத்து, "இனிமே எனக்கு நீங்கதான் வாசிக்கணும். எதிர்ல இருக்கிற பேரைப் பாருங்க" என்றாள். அந்தப் பெயர்ப்பலகைதான் என் முதல் பாடப்புத்தகம். எழுத்து அவ்வளவு பெரிதாக வேறெங்கும் இல்லை. என் உள்ளங்கையில் அவள் விரலால் எழுதுவாள், நான் பலகையில் அதைத் தேடுவேன். ஊர்ப் பெயரை முழுதாக வாசித்த அன்று சத்தமாகக் கத்திவிட்டேன். வண்டிக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமே வரவில்லை, ஐயா.

3. அதன்பின் நிலையம் முழுவதையும் வாசித்தேன். 'குடிநீர்' என்று வாசித்தேன், குழாயில் நீர் இல்லை. 'விசாரணை' என்று வாசித்தேன், சன்னல் பூட்டியிருந்தது. 'பெண்கள் காத்திருக்கும் அறை'க்குள் உடைந்த நாற்காலிகள் காத்திருந்தன. படிக்கத் தெரியாத வரையில் இந்த நிலையத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆயினும் இவை பற்றி நான் புகார் செய்யவில்லை. வாசிக்கக் கிடைத்ததே பெரிது.

4. என் புகார் ஒன்றே ஒன்று. முன்பு ஒலிபெருக்கியில் வண்டி விவரம் சொல்வார்கள். இரைச்சல் என்று பக்கத்துக் குடியிருப்பினர் சொன்னதால் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது மின்பலகை மட்டுமே. மழைக்குப் பின் அதைப் பழுது பார்த்தார்கள். அது முதல் எந்த வண்டி வந்தாலும் 'எல்லா நிலையங்களிலும் நிற்கும்' என்றே காட்டுகிறது.

5. சென்ற மாதம் மனைவிக்குக் கண் மருத்துவமனையில் ஊசி போட வேண்டிய நாள். பலகையை வாசித்தேன். ஒரு முறைக்கு இரு முறை, எழுத்துக்கூட்டி வாசித்தேன். பக்கத்தில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில்தான் எனக்குப் பெருமை. கையைப் பிடித்து ஏற்றினேன். வந்தது வேகவண்டி. மருத்துவமனை நிலையம் சன்னலில் ஓடிப்போனது எனக்குப் புரிவதற்குள், சக்கரச் சத்தத்தை வைத்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள். "ஏங்க, பாலத்துமேல போகுது. நம்ம இடம் தாண்டிப்போச்சு" என்றாள். கடைசி நிலையம் வரை போய்த் திரும்பி மருத்துவமனை சேர்ந்தோம். "பெரியவரே, டாக்டர் கிளம்பிட்டாரே. அடுத்த மாசம்தான் தேதி இருக்கு" என்றார் செவிலியர்.

திரும்பும்போது மனைவி சிரித்தாள். "படிப்பு இல்லாதப்ப நாலு பேரைக் கேட்டு ஒழுங்காக் கூட்டிட்டுப் போனீங்க. படிச்சதும் கோட்டைவிட்டுட்டீங்களே" என்றாள். நானும் சிரித்தேன். அதற்கடுத்த வாரம் அவள் சிரிக்கவில்லை. அதுவரை என் உருவம் நிழலாகவாவது தெரிந்தது. இப்போது சன்னல் வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்கிறாள். மிச்சத்தையாவது காப்பாற்ற அடுத்த ஊசி தவறக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

6. பயணச்சீட்டு கொடுப்பவரிடம் முறையிட்டேன். "அந்தப் பலகையை யாரு தாத்தா பாக்கறா? வண்டி முகப்புல மஞ்ச வெளக்கு எரிஞ்சா வேகவண்டி. எல்லாருக்கும் தெரியுமே" என்றார். எல்லோருக்கும் தெரிந்த அது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை, ஐயா. காலை வெயில் எதிரே அடிக்கும்போது விளக்கு எரிகிறதா என்பது என் கண்ணுக்குப் பிடிபடுவதும் இல்லை. பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்கலாம் என்றால் எல்லோர் காதிலும் ஒயர். நிலைய அதிகாரியோ "மேல எழுதிட்டோம், பலகைக்கு உதிரி பாகம் வரணும்" என்றார். மறுபடி போனபோதும் பாகம் வரவில்லை. 'மேல' என்பது தாங்கள்தான் என்று எண்ணி எழுதுகிறேன். தாங்களும் இல்லையென்றால் யாருக்கு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

7. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை அவளை மறுபடி ஏற்ற வேண்டும். அதற்குள் பலகையைச் சரிசெய்ய வேண்டுகிறேன். முடியாவிட்டால் அணைத்தாவது வைக்க வேண்டும். வெறும் பலகையாக இருந்தால் யார் காலிலாவது விழுந்து கேட்டுக்கொள்வேன். எழுத்து எரிந்தால் என்னால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

இந்த மனுவை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். அவள் சொன்னபடியே சேர்க்கிறேன்: "அவர் தப்பா வாசிக்கலை. நான் சரியாத்தான் சொல்லிக் குடுத்தேன்."

இடம்: முதல் நடைமேடை, பெயர்ப்பலகைக்கு எதிர்ப் பெஞ்சு
நாள்: செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
தங்கள் வண்டியை நம்பி நிற்கும்
(கையொப்பம்)