ஈர முந்தானை

சங்கரன்கோவில்,
பங்குனி, 1951

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

என் மாணவி ஒருத்தியின் அம்மா சுப்புத்தாய், முந்தானையை எதற்காக நனைத்துக்கொண்டு வந்தாள் என்பது எனக்குத் தெரியும் என்று அவளிடம் அன்று நான் சொல்லவில்லை. ஊரில் பெரியம்மை பரவுவதால் எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அம்மை குத்தினார்கள். தன் மகளுக்குக் குத்தியதும், மருந்து இறங்குமுன் துடைத்துவிடவே வந்திருந்தாள். சின்ன வயதில் நீங்கள் எனக்குத் துடைத்துவிட்டது போலத்தான்.

“டீச்சரம்மா, ஊருக்கெல்லாம் சொல்லுதீயளே, ஒங்க கையில அம்மை குத்துன தழும்பு எங்க?” என்றாள்.

“இல்லை” என்றேன். குத்த வந்தவரிடம் முதலில் எனக்குக் குத்தச் சொல்லிக் கையை நீட்டினேன்.

“ஆத்தீ! வலிக்கா?”

“வலிக்குது.”

“நெசத்தச் சொல்லுதீயளே!” என்று சிரித்துவிட்டு, மகளை மடியில் இருத்திக்கொண்டாள். ஊசியை அவள் பார்க்காதபடி கண்ணைப் பொத்தினாள். உங்கள் பயமும் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

என் கை சற்று வீங்கியிருக்கிறது; கவலை வேண்டாம். ரவிக்கைதான் நுழையவில்லை. உங்கள் பழைய ரவிக்கை ஒன்று அனுப்புங்கள். துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. சொல்ல விட்டுப்போயிற்று: குத்தியதும் குழந்தை அழுதாள். சுப்புத்தாய் ஈர முந்தானையால் அவள் கண்ணை மட்டும் துடைத்தாள்.

உங்கள்
வேதவல்லி