ரூத்துக்கு நான் ஒட்டிய நட்சத்திரங்கள்

என் உயிரே, தங்கச்சி எஸ்தர்,

நீ இருக்கும் இடத்துக்குக் கடிதம் வராது என்று தெரியும். இதை நம் சபையின் மாதப் பத்திரிகைக்குத்தான் கொடுக்கப் போகிறேன். சபையில் எல்லார் முன்னும் நின்று ஒன்றைச் சொல்லிவிட்டேன். அது தப்பு. எல்லார் முன்னும் சொன்னதை எல்லார் முன்னும்தானே திருப்பி வாங்க வேண்டும்? நான் அஞ்சாவது வரை படித்தவள். எழுத்தில் தப்பு இருந்தால் நீ சிரித்துக்கொண்டே திருத்துவாய். இப்போது யார் திருத்துவார்கள்?

முதலில் வீட்டுச் செய்தி. லேயாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் அப்படியே உன் சின்ன வயசு முகம். உன் வீட்டுக்காரர் டேனியல் தம்பி காலையில் டாக்சியை எடுத்துக்கொண்டு போவதற்கு முன், உன் ஸ்கூட்டியை ஒரு தரம் ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டுப் போகிறார். “பேட்டரி போயிடும்க்கா” என்கிறார்.

நான் கார்மெண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டேன். ஸ்ரீராம்புரத்தில் உன் வீட்டிலேயே, உன் பிள்ளைகளோடேயே இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துக் கேட்டாயே, “பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பிடாதீங்கக்கா. நான் வெச்ச மாதிரியே வீட்டுலயே வெச்சிப் படிக்க வைங்க. இலக்குத் தாளை விட்டுடாதீங்க” என்று. நானும் தலையை ஆட்டினேன். இங்கிலீஷ் எழுத்தே கூட்டத் தெரியாதவள், எந்தத் தைரியத்தில் தலையை ஆட்டினேன்? நீ கேட்டதால் ஆட்டினேன். வேறு காரணம் இல்லை.

மூன்று வருஷம் டீச்சராக இருந்துவிட்டு, பிள்ளைகளை நானே கர்த்தருக்குப் பயந்தவர்களாக வளர்க்கிறேன் என்று வேலையை விட்டவள் நீ. கீழ்வீட்டு மஞ்சுளா அன்றைக்கும் கேட்டாள், இன்றைக்கும் கேட்கிறாள். “ஏன் மார்த்தாக்கா, பொண்ணுங்கள சும்மா வீட்லயே வெச்சிக்கினு இன்னா, நேரா கலெக்டர் ஆக்கப் போறீங்களா?” நீ இருந்தால் சிரித்துக்கொண்டே பதில் சொல்லுவாய். நான் அரிசி களைவது போலத் திரும்பிக்கொள்கிறேன்.

பாடமெல்லாம் ரூத்தான் பார்த்துக்கொள்கிறாள். ஒன்பது வயசுப் பிள்ளை, தன் கணக்கைத் தானே போட்டுவிட்டு, தங்கச்சிக்கும் சொல்லிக் கொடுக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் வேதாகமம் மட்டும் படிக்க வைப்பேன். ஒரு நாள் லேயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

“பெரியம்மா, நீங்க படிக்கறப்போ ஏன் உதடு முன்னாடி போகுது, சத்தம் பின்னாடி வருது?”

“எனக்கு வயசாச்சுடி.”

“இல்ல, நீங்க எழுத்துக் கூட்டறீங்க. நான் கூட அப்படித்தான்.” ஜோடி கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

சரி, அந்தத் தாளுக்கு வருகிறேன். பத்திரிகையில் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஜூன் மாசம் முதல் ஞாயிறு, சபை முடிந்து சாப்பிட்டதும் நீங்கள் நாலு பேரும் பாய் விரித்து உட்காருவீர்கள். இந்த வருஷம் நான் எதில் வளரணும் என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். நீ பெரிய தாளில் கோடு போட்டு எழுதுவாய். புத்தி, உடம்பு, கர்த்தர், மற்றவர்கள் என்று நாலு கட்டம். ஜெபம் பண்ணி பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டுவாய். செய்த நாளுக்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர்.

போன வருஷத் தாளில் ரூத்துக்கு நீ எழுதியிருந்தது, ‘கோபத்தை அடக்குவது.’ அப்போதெல்லாம் அவள் தங்கச்சியோடு பென்சிலுக்கும் ரப்பருக்கும் சண்டை போடுவாள். அதற்காக எழுதினாய். நீ போன பிறகு அந்தத் தாள் என் கைக்கு வந்தது.

உன்னை அடக்கம் பண்ணிய அன்று ரூத் கத்தினாள் எஸ்தர். பெட்டியை மூட விடவில்லை. வந்தவர்களெல்லாம் “அழக்கூடாதும்மா, அம்மா கர்த்தர்கிட்ட இருக்காங்க” என்றார்கள். மறுநாளும் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பீரோவைத் திறந்து தாளைக் காட்டினேன். “பாரு, அம்மா என்ன எழுதியிருக்காங்க? கத்தினா, அழுதா, இன்னிக்கு ஸ்டார் கிடையாது.”

அவள் தாளைப் பார்த்தாள். உன் எழுத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் அழுதால் நானும் விழுந்துவிடுவேன் என்று பயம். நான் விழுந்தால் அந்த வீட்டில் சோறு ஆக்க யார் இருக்கிறார்கள்? அதனால் அவள் வாயை அடைத்தேன். உன் எழுத்தை வைத்தே அடைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை. தினம் ஒரு நட்சத்திரம். இருபது வருஷம் கார்மெண்ட்ஸில் செக்கிங் பார்த்தவள் நான். சட்டையில் கோளாறு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அம்பு இல்லாத சட்டை நல்ல சட்டை. பிள்ளையையும் அப்படியே பார்த்துவிட்டேன். கத்தவில்லை, அழவில்லை, அப்படியென்றால் சரியாக இருக்கிறாள்.

ஈஸ்டர் முடிந்த ஞாயிறு, கர்த்தர் செய்ததைச் சபையில் சாட்சியாகச் சொல்ல எழுந்தேன். மைக்கைப் பிடித்து, “எங்க ரூத் மூணு மாசமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடலைங்க. தாள் முழுக்க ஸ்டாரு. கர்த்தர் அவ்வளவு பலத்தைக் கொடுத்திருக்காரு” என்றேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். பாஸ்டரம்மா ரூத்தைக் கட்டிக்கொண்டார்கள். ரூத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கமான பிள்ளை என்று நினைத்தேன். எனக்குக் கண் இருந்து என்ன?

போன வாரம் டேனியல் தம்பி ஒரு ஸ்கூல் ஃபாரம் வாங்கிக்கொண்டு வந்தார். “அக்கா, உங்களைக் குறை சொல்லல. என்னாலயும் முடியல, உங்களாலயும் முடியல” என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். நான் விடவில்லை. “எஸ்தருக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன் தம்பி. ரூத்தையே கேளுங்க, அவ போக மாட்டா” என்றேன்.

ரூத் ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

“பெரியம்மா, ஸ்கூல்ல அழுதா ஸ்டார் எடுத்துடுவாங்களா?”

“ஸ்கூல்ல அந்த மாதிரித் தாளெல்லாம் இருக்காதும்மா.”

“அப்போ நான் போறேன்.”

டேனியல் தம்பி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. சாயங்காலத்தில் அவர் அதை ஒருநாளும் ஸ்டார்ட் பண்ணியதில்லை.

நான் ஓடிப்போய் பீரோவைத் திறந்து, நகத்தால் நட்சத்திரங்களைச் சுரண்ட ஆரம்பித்தேன். “அழுடி கண்ணு, எதுவும் வேணாம், அழு” என்று சொல்லிக்கொண்டே சுரண்டினேன். பசை காய்ந்திருந்தது. தாளும் சேர்ந்து வந்தது. ரூத் வந்து என் கையைப் பிடித்தாள்.

“வேணாம் பெரியம்மா. அம்மா எழுத்து கிழிஞ்சிடும்.”

அழுதது நான்தான். அவள் நின்று பார்த்தாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் இன்னும் அழவில்லை எஸ்தர். அடைக்கத் தெரிந்த எனக்குத் திறக்கத் தெரியவில்லை. அடித்தா அழ வைப்பது? முழங்காலில் நின்று ஜெபிக்கிறேன். நீ இருந்தால் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவாய்? மடியில் போட்டுக்கொள்வாயா, சும்மா விடுவாயா? எந்தப் புத்தகத்தில் இது இருக்கிறது?

நாளைக்கு ஜூன் முதல் ஞாயிறு. பாயில் இந்த வருஷம் அவர்கள் மூன்று பேரும் நானும். கோடு போட்டுத் தாள் தயார் பண்ணிவிட்டேன், கோடு கொஞ்சம் கோணல். ரூத்தின் கட்டங்களில் நான் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். திங்கட்கிழமை அவள் ஸ்கூலுக்குப் போகிறாள். உனக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். இதைச் சபைக்கும் சொல்கிறேன், நான் சொன்ன சாட்சியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளையிடம் இருந்தது பலம் இல்லை. பயம். நான் வைத்த பயம்.

அதற்குப் பதிலாக உனக்கு வேறு ஒரு வாக்குத் தருகிறேன். தாளில் இந்த வருஷம் என் பெயருக்கும் இடம் விட்டிருக்கிறேன். எழுத்துக் கூட்டி ஒரே ஒரு கட்டத்தில் எழுதிவிட்டேன். ‘ரூத் அழும்போது பக்கத்தில் உட்காருவது. வாயைத் திறக்காமல்.’ ஸ்கூல் விடும் நேரத்துக்குத் தினமும் கேட் பக்கத்தில் நிற்பேன். அவள் எந்த முகத்தோடு வந்தாலும் அந்த முகத்தை அப்படியே வீட்டுக்குக் கூட்டி வருவேன். மிச்சம் இருந்த ஸ்டிக்கர் அட்டையை லேயாவிடம் கொடுத்துவிட்டேன். தன் மூக்கில் ஒன்று, உன் ஸ்கூட்டி கண்ணாடியில் ஒன்று ஒட்டியிருக்கிறாள்.

உன் பிள்ளைகளுக்குப் பெரியம்மாவாக இருக்க இப்போதுதான் கற்றுக்கொள்கிற,
உன் மார்த்தா அக்கா