இரண்டு பேஸும் இடித்துக்கொள்ளும் இடம்

என் அன்பு ராட்சசிக்கு,

இங்கே எல்லோரும் நலம். தினமும் கிளப் மேடையில் நிற்பவளுக்கு என்ன குறை, நீயும் நலமாகத்தான் இருப்பாய். நம் சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டது. முதல் வேலையாக என் ஹெட்ஃபோன் வயரைக் கடித்துவைத்தாள். பேத்திக்கும் டிஜே புத்திதான் என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

நீ அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டேன். உன்னோடு மேடையைப் பங்குபோடும் அந்தத் தாடிக்காரர் நன்றாகத்தான் வாசிக்கிறார். சொல்லும்போதே வயிறு எரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

முந்தைய பதிவுகளில் எனக்குக் குழப்பமே இல்லை. இரண்டு பேருமே கிளப்பில் ஆடவைக்கும் ஹவுஸ் இசைதான், ஆனால் கை வேறு. நீ டீப் ஹவுஸ்காரி. ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததை அடியில் மெல்ல நுழைப்பாய். இரண்டையும் வெகுநேரம் சேர்ந்து ஓடவிட்டு, பழையது எப்போது போனது என்றே தெரியாமல் அனுப்பிவைப்பாய். அவர் டெக் ஹவுஸ்காரர். டிரம்ஸை மட்டும் துண்டு துண்டாக வெட்டி மேலே அடுக்குவார், அடியில் அதிரும் கனத்த பேஸ் ஒலியைச் சட்டென்று பிடுங்குவார், கூட்டம் ஏங்கும்போது அடுத்த பாட்டைப் போட்டு உடைப்பார். இது என் பெண்டாட்டி கை, இது அந்த ஆள் கை என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

இந்தப் பதிவில் தெரியவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டு கேட்டவன், குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். அப்போதும் தெரியவில்லை. நாம் சேர்ந்து வாசித்த காலமெல்லாம் நம் கைகள் இப்படி ஒன்றானதில்லையே!

அதைவிட, உன் தப்பைக் காணோம். பழைய பாட்டின் பேஸை இறக்காமலே புதியதன் பேஸை ஏற்றிவிடுவாய். இரண்டும் ஒரு கணம் திம்மென்று இடித்துக்கொள்ளும். நான் கத்துவேன், நீ நாக்கைத் துருத்துவாய். நான் அத்தனை கத்தியும் போகாததை அவர் எப்படிப் போக்கினார்? கத்தாமலா?

கிளப்பில் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கேட்கிறார்கள், நான் வரச்சொன்னால் மூட்டையைக் கட்டிவிடுவதாக எழுதியிருக்கிறாய். வா என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் நீ இவ்வளவு நன்றாக ஒருநாளும் வாசித்ததில்லை. பொறாமைக்காரன் காதுக்கும் அது கேட்டுத் தொலைக்கிறது. இரு. பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த பதிவில் எங்காவது ஓரிடத்தில் அந்த இரண்டு பேஸையும் இடித்துக்கொள்ள விடு. ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. தாடிக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். நான் குழாயை மூடிவிட்டுக் காத்திருப்பேன்.

வயிற்றெரிச்சலோடும் முத்தங்களோடும்,
உன் புருஷன்