எடுக்காத அழைப்புகளை அழிக்க வேண்டாம்

அனுப்புநர்
கே. ஆர். சௌரிராஜன் (வயது 61),
ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர்,
பந்தடித் தெரு,
மதுரை – 625 001.

பெறுநர்
உயர்திரு குறைதீர் அலுவலர் அவர்கள்,
தொலைத்தொடர்பு நுகர்வோர் குறைதீர் பிரிவு,
மதுரை.

பொருள்: கைபேசி – வெளிநாட்டு ரோமிங் கட்டணம் – எனது புகாரின் பேரில் எனக்குச் சாதகமாகப் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு – அதனை உடனே நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார் மனு, நாள் 16.04.2007.
2. தங்கள் அலுவலக உத்தரவு, நாள் 03.09.2007.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை இரண்டில் கண்ட உத்தரவின்படி என் புகார் முழுமையாக ஏற்கப்பட்டுள்ளது. பொன்னலை செல்லுலார் நிறுவனம் எனக்கு அனுப்பிய பில் ரத்தாகிறது. வரும் 30ஆம் தேதியுடன் என் இணைப்பும், அதனுடன் சேர்ந்த வாய்ஸ் மெயில் என்னும் குரல் பெட்டியும் நிரந்தரமாக மூடப்படும். நான் என்னென்ன கேட்டேனோ அத்தனையும் கொடுத்துவிட்டீர்கள். தயவுசெய்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த மனு.

2. நான் முப்பத்தைந்து ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் மனுக்களுக்கு எண் போட்டு உட்கார்ந்திருந்தவன். ஜெயித்த மனுதாரர் ஒருவர் அந்த ஜெயம் வேண்டாம் என்று எழுதிய தாள் ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் எழுதியவரின் மனநிலையைச் சந்தேகித்திருப்பேன். தாங்கள் அப்படிச் சந்தேகிக்காமல் இருக்கும்பொருட்டு, நடந்ததை முதலிலிருந்து சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

3. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் சாய்பிரசாத் பூப்பந்து விளையாடப் போய்க் காலை முறித்துக்கொண்டான். இன்னும் திருமணமாகாதவன். வீட்டில் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை. என் மனைவி ஹம்சவேணி தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஆண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் விடுப்புக் கிடைக்காது. ஆகவே கடந்த பிப்ரவரியில் நான் மட்டும் புறப்பட்டுப் போய், மார்ச் கடைசியில் திரும்பினேன். இத்தனை ஆண்டுகளில் அவரை விட்டு அத்தனை நாள் நான் தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை.

4. வெளிநாட்டில் மதுரை எண்ணில் பேசினால் ரோமிங் கட்டணம் தலையில் விழும் என்பதை மகன் முன்கூட்டியே எச்சரித்திருந்தான். அதற்கு அவனே ஒரு வழியும் சொன்னான். என் மதுரை சிம் பழைய கைபேசியில் கிடக்கும். அங்கே வாங்கிய சிங்கப்பூர் சிம் புதிய கைபேசியில் இருக்கும். பேச வேண்டுமானால் சிங்கப்பூர் சிம்மிலிருந்து நான் கூப்பிடுவது. மதுரை சிம் மணி அடித்தால் என்ன ஆனாலும் எடுக்கக் கூடாது. "எடுத்தாத்தாம்ப்பா காசு. அடிக்கிறது ஃப்ரீ," என்றான். பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் சொல்கிறானே என்று நானும் நம்பினேன்.

5. ஐயா, மிஸ்டு கால் என்பது எங்கள் தெருவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டிய வித்தை அல்ல. பால்காரர் வாசலுக்கு வந்ததும் மிஸ்டு கால். ஆட்டோ வந்து நின்றால் மிஸ்டு கால். பிள்ளைகள் ஊர் போய்ச் சேர்ந்தால் மிஸ்டு கால். நாங்களும் அவ்வாறே பேசி வைத்துக்கொண்டோம். தினமும் விளக்கு வைத்ததும் வீட்டுத் தொலைபேசியிலிருந்து என் மதுரை எண்ணுக்கு மனைவி ஒரு முறை அடிப்பார். நலமாக இருக்கிறேன் என்று பொருள். அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று பொருள். பழைய கைபேசியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். மணி அடிக்கும். பார்த்துக்கொண்டே இருப்பேன். அடித்து ஓய்ந்ததும் நிம்மதியாகச் சாப்பிடப் போவேன். இரண்டு முறை ஒருநாளும் அடிக்கவில்லை.

6. ஊர் திரும்பியதும் பில் வந்தது. ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு அழைப்பைக்கூட எடுக்காதவனுக்கு, தினம் ஒரு அழைப்பு வீதம் வரிசையாகக் கட்டணம் போட்டிருந்தார்கள். நிறுவனத்தார் தந்த விளக்கம் இது: மதுரையிலிருந்து வரும் அழைப்பு என்னைத் தேடிச் சிங்கப்பூர் போகிறது. நான் எடுக்காததால் அங்கிருந்து கிளம்பித் திரும்பவும் மதுரைக்கே வந்து, என் பெயரில் உள்ள குரல் பெட்டியில் விழுகிறது. ஆகவே போனதற்கு ஒரு கட்டணம், வந்ததற்கு ஒரு கட்டணம். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் ஒருவரை வழியனுப்ப நின்றவனிடம் போகவர டிக்கெட் கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். குரல் பெட்டி என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

7. அந்தக் கோபத்தில் எழுதியதுதான் பார்வை ஒன்றில் கண்ட மனு. அதில், "நான் கேட்காமலும் எனக்குத் தெரியாமலும் என் தலையில் கட்டப்பட்ட இந்தக் குரல் பெட்டியை அடியோடு நீக்க வேண்டும், அதில் உள்ள குப்பை எதுவாயினும் அழிக்கப்பட வேண்டும்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். தங்கள் உத்தரவின் மூன்றாம் பத்தியில் அதே சொற்களை எடுத்தாண்டிருக்கிறீர்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான் ஐயா.

8. இதற்கிடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவியின் குரலைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் தெருவின் இந்த முனையில் அவர் பேசினால் அந்த முனையில் படுத்திருக்கும் மாடு திரும்பிப் பார்க்கும். இருபத்தைந்து வருடம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த தொண்டை. "கொஞ்சம் மெதுவாப் பேசேன், ஊருக்கே கேக்குது" என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மே மாதம் கம்மிப் போன அந்தக் குரல் பிறகு சரியாகவே இல்லை. பள்ளிக்கூடத்தில் கத்தியதால் வந்த தொண்டைக்கட்டு என்றுதான் இருவருமே நினைத்தோம். சோதித்த மருத்துவர் அது புற்றுநோய் என்றார். ஜூலையில் குரல்வளையை முழுவதுமாக அகற்றிவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. கழுத்தில் உள்ள துவாரத்தின் வழியாக மூச்சு விடுகிறார். சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதை மனுவில் எழுத எனக்கு வார்த்தை தெரியவில்லை.

9. சென்ற வியாழக்கிழமை, மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் வழியில், இணைப்பை மூடும் படிவத்தில் கையெழுத்திட இருவரும் ஆரப்பாளையத்தில் உள்ள நிறுவனக் கடைக்குப் போனோம். அங்கே பணியாற்றும் ராஜஸ்ரீ என்ற பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், உங்க வாய்ஸ் மெயில்ல முப்பதுக்கு மேல மெசேஜ் கெடக்கே. கேஸ் நடந்ததால யாரும் தொடாம வச்சிருக்காங்க. கேக்காமலே அழிச்சிரலாமா?" என்றார். என்னதான் இருக்கிறது, போடுங்கள் என்றேன். அவர் ஸ்பீக்கரை அழுத்தினார்.

10. என் மனைவியின் குரல் கடை முழுக்க நிறைந்தது.

11. ஐயா, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரலுக்கு உரியவர் என் பக்கத்து நாற்காலியில், கழுத்தில் துணி சுற்றி, மடியில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார். மணி அடித்து ஓய்ந்ததும் வைத்துவிடு என்று நான் சொல்லியிருந்தேன், அவர் வைக்கவில்லை. ஓய்ந்த பிறகு, நீங்கள் அழைத்தவரால் இப்போது பேச இயலாது என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் சொல்லும் பதிவுக் குரல் ஒலிக்குமாம். அதை நிஜமான ஒரு பெண் என்றே என் மனைவி நினைத்துவிட்டார். நினைத்து, அவளோடு தினமும் பேசியிருக்கிறார். முதல் பதிவில் இருந்தது இது:

"ஏம்மா, நீ யாரும்மா? எங்க வீட்டுக்காரரு போனை நீ எதுக்கு எடுக்குற? இங்கிலீஷெல்லாம் வேணாம், தமிழ்ல சொல்லு. அவரு சாப்பிட்டாரா இல்லையா, அத மட்டும் கேட்டுச் சொன்னாப் போதும். நான் வச்சிர்றேன்."

12. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் சிரித்ததற்கு வெட்கப்படுகிறேன். இரண்டாவது பதிவையும் ராஜஸ்ரீ போட்டார்: "இன்னைக்கும் நீதானா? சரி, கேட்டுக்க. கீரைக்கார அழகம்மா ஒரு கட்டுக்கு எம்புட்டு கேக்குறா தெரியுமா? அம்புட்டுக் காசு குடுத்து வாங்குனா, திங்கிறதுக்கு ஆளு இல்ல. ஒரு கட்டே மூணு நாளைக்கு வருது." பின்னால் அழகம்மாளும் ஏதோ சண்டைக்கு வருகிறார், சரியாகக் கேட்கவில்லை.

13. நேரமாகிறது என்று ராஜஸ்ரீ கடைசிப் பதிவுக்குத் தாவினார். நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் பதிவானது அது. குரல் அப்போதே கரகரத்திருந்தது. "ஸ்கூல் பிள்ளைகளைக் கீழக்குயில்குடி மலைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தோம். மலைப்படியில ஒவ்வொண்ணையும் ஏத்தி எறக்குறதுக்குள்ள கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. நாளைக்கு வந்துருவாருல்ல? ஹெட்மிஸ்ட்ரஸ் அழகர்கோவில் பிரசாத தோசை வாங்கியாந்தாங்க. எடுத்து வச்சிருக்கேன்." இவ்வளவு நேரம் தமிழில் பேசியவர், இந்த இடத்தில் திடீரென்று எங்கள் வீட்டு மொழிக்கு மாறினார். கைபேசிப் பெண்ணுக்குச் சௌராஷ்டிரம் புரியாது என்பதை மறந்துவிட்டார் போலும். மூன்று வாக்கியங்கள். நாலாவதின் நடுவில் பதிவு நேரம் முடிந்து அறுந்துவிட்டது. அவற்றை இங்கே மொழிபெயர்த்து எழுதுவது மனு ஒழுங்குக்குப் பொருந்தாது. முப்பது வருட வாழ்க்கையில் என்னைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை என்பதை மட்டும் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

14. நான் திரும்பிப் பார்த்தபோது மனைவி நாற்காலியில் இல்லை. வெளியே, வெயிலில், பஸ்கள் திரும்பும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

15. மறுநாளே நான் மட்டும் கடைக்குப் போய் மன்றாடினேன். பதிவுகளை நகல் எடுத்துத் தர நிறுவனத்தின் விதியில் இடமில்லையாம். இணைப்பு உயிரோடு இருந்தால்தான் பெட்டி உயிரோடு இருக்குமாம். பாக்கியைக் கட்டினால் இணைப்பு பிழைக்கும் என்றார்கள். அப்படியானால் இந்தாருங்கள் என்று பணத்தை நீட்டினேன். "உங்க பில்லுதான் கேன்சல் ஆயிருச்சே சார், எந்தக் கணக்குல வாங்குறது? ஆர்டர் வந்துருச்சு. இனி எங்க கையில ஒண்ணுமில்ல," என்றார் மேலாளர். இப்படியாக, கட்டமாட்டேன் என்று அடம்பிடித்து ஜெயித்த தொகையைக் கட்ட முடியாமல் நிற்கிறேன். கையெழுத்தாகிப் போன உத்தரவு அவ்வளவு லேசில் திரும்பாது என்பது, அத்தகைய உத்தரவுகளை வாழ்நாள் முழுதும் அனுப்பிக்கொண்டிருந்த எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கேட்கிறேன்.

16. எனவே, பார்வை ஒன்றில் கண்ட என் மனுவை நான் கொடுக்கவே இல்லை என்று கருதும்படி வேண்டுகிறேன். பில் சரியானதே என்று எழுதிக் கொடுக்கச் சித்தமாக இருக்கிறேன். தொகை முழுவதற்கும் வங்கி வரைவோலை இத்துடன் இணைத்துள்ளேன். பெட்டியில் மீதமுள்ள, நான் இன்னும் கேட்காத பதிவுகளை ஒரு குறுந்தகட்டில் எடுத்துத் தர நிறுவனத்துக்கு ஆணையிட வேண்டும். அதற்குத் தங்களுக்கு அதிகாரம் இல்லையெனில், அவ்வதிகாரம் உள்ளவர் யார் என்று தெரிவித்தால் இன்றே அவர் வாசலில் போய் நிற்பேன். எதுவும் முடிவாகும்வரை 30ஆம் தேதி அந்தப் பெட்டியை யாரும் அழிக்காமல் இருக்க இன்றே ஒரு தொலைபேசி செய்தால்கூடப் போதும்.

17. தட்டச்சு முடிந்ததும் மனுவை மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். ஆசிரியை ஆகையால் பிழை திருத்தாமல் விடமாட்டார். தனித் தாளில் தம் கைப்படச் சில வரிகள் எழுதியுள்ளார். அதைப் படித்த பிறகு மனுவைத் திருத்தி அடிக்க எனக்குத் தெம்பில்லை. அப்படியே தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

ஏற்கெனவே ஒருமுறை தங்களால் நியாயம் கிடைக்கப்பெற்ற,
(ஒப்பம்) கே. ஆர். சௌரிராஜன்

இடம்: மதுரை
நாள்: 17.09.2007

இணைப்பு: வங்கி வரைவோலை, பார்வை இரண்டில் கண்ட உத்தரவின் நகல், மருத்துவச் சான்று.

(தனித் தாளில், கையெழுத்தில்)

அலுவலர் ஐயாவுக்கு வணக்கம்.

பத்தி 11இல் ஒரு பிழை இருக்கிறது. போனில் பேசுவது மிஷின் என்று எனக்கு மறுநாளே தெரியும். முதல் நாள் மட்டும்தான் ஏமாந்தேன். பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். "பீப் சத்தம் வந்த பெறகு பேசுங்க டீச்சர், சாருக்குப் போய்ச் சேந்துரும், வந்து கேட்டுக்குவாரு" என்றார்கள். அதனால்தான் தினமும் பேசினேன். கடைசி நாள் வீட்டு மொழியில் பேசியது மறதியால் அல்ல.

ஊருக்கு வந்த பிறகு இவர் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். நானும் கேட்கவில்லை. இவர் அவற்றைக் கேட்கவே இல்லை என்பது அன்று கடையில்தான் தெரிந்தது.

பெட்டியை மூடிவிடாதீர்கள். மீதியையும் இவர் கேட்கட்டும். இன்னொரு தடவை சொல்ல என்னால் முடியாது.

ஹம்சவேணி